நடையா, எடையா, ஆட்டமா, ஆசனமா: ஹார்மோன் ஊசிக் காலத்தில் எதைப் பிடிப்பது?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி தொடங்கியதும் டாக்டர் சொல்லி அனுப்புவது பெரும்பாலும் ஒரே வரிதான்: “கொஞ்சம் நடங்க, மனசைத் தளரவிடாதீங்க.” எவ்வளவு நடப்பது, மனம் தளர்ந்தால் யாரிடம் போவது என்பதெல்லாம் மருந்துச் சீட்டில் இருக்காது. ஊசி போட்டுக்கொள்பவருக்கும், செலவு கருதி விதை நீக்க அறுவை செய்துகொண்டவருக்கும் இந்தக் கேள்விகள் ஒன்றுதான். கைக்கெட்டும் வழிகளில் எது எதற்கு உதவும், எது உதவாது என்பதைப் பார்ப்போம்.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று அடங்கும் என்பதை டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஊசிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் அந்த ஹார்மோன்தான் தசையையும் எலும்பையும் தாங்கி நிற்பது. அது இறங்கிய சில மாதங்களிலேயே தொடையும் தோளும் மெலியும், வயிற்றில் கொழுப்பு சேரும், எலும்பு அடர்த்தி குறையும். திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். காரணமில்லாமல் கண் கலங்கும். தராசை நம்பினால் இங்கே ஏமாந்துபோவோம்: தசை இரண்டு கிலோ போய், கொழுப்பு மூன்று கிலோ ஏறினால், வீட்டில் எல்லோரும் “அப்பா உடம்பு தேறிட்டாரு” என்பார்கள்.

அதனால் எடை பார்ப்பதை விட்டுவிட்டு இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி, உட்காரும் உயரம் சுமார் 43 செ.மீ., சுவரோடு ஒட்டிப் போட்டது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14க்குக் கீழ், 65 முதல் 74 வரை 12க்குக் கீழ், 75 முதல் 79 வரை 11க்குக் கீழ் என்றால் கால் பலம் வயதுக்குக் குறைவு, விழும் அபாயம் கூடுதல் என்று பொருள். ஊசி தொடங்கும் வாரத்தில் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை எண்ணிக் குறித்து வையுங்கள். கீழே சொல்லப்போகும் எந்த வழி வேலை செய்கிறது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

நடை

செலவில்லை, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, யாருக்கும் நோயைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் எல்லோரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சோர்வு, பதற்றம், மனச்சோர்வு மூன்றுக்கும் பலன் உண்டு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய வல்லுநர் குழு 2019இல் புற்றுநோயாளிகளுக்குச் சொன்ன அளவு: வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், குறைந்தது 8 முதல் 12 வாரம். வேகத்துக்கு எளிய அடையாளம், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் அது உலாத்தல்.

நடையின் குறை, அது போன தசையைத் திரும்பத் தருவதில்லை என்பதே. பழகிய தரையில் பழகிய வேகத்தில் நடக்கும்போது தொடைக்கு விழும் சுமை புதிதல்ல. புதிய சுமை இல்லாமல் தசை வளராது. டெஸ்டோஸ்டிரோனும் இல்லாத உடம்பில் இது இன்னும் கறார். ஆறு மாதம் தவறாமல் நடந்தவர் நாற்காலிச் சோதனையில் இரண்டு எண் இறங்கி நின்றால் அதில் அதிசயம் இல்லை. தமிழக அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 8 கி.மீ. பாதை குறித்திருக்கிறார்கள், பாதை நல்லது, முதல் மாதமே முழுத் தூரத்தையும் முடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

சிறுநீர்க் கசிவு உள்ளவர்கள் கழிப்பறை இருக்கும் வழியாகப் பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேர்வழியில் போய்த் திரும்புவதைவிட, வீட்டைச் சுற்றிப் பத்து நிமிட வட்டமாக மூன்று முறை நடப்பது மேல். சிறுநீரை உறிஞ்சும் பேடும் கறுப்புப் பேன்ட்டும் போதும். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாததால்தான் பலர் வெளியே வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கேட்டால் கால்வலி என்பார்கள்.

எடை

ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவருக்கு ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் எங்கள் வாக்கு எடைப் பயிற்சிக்குத்தான். கனடாவில் 155 ஆண்களை வைத்து நடந்து 2003இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு 12 வாரத்தில் சோர்வு குறைந்தது, பலம் கூடியது. ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 57 பேரில் எடையும் நடையும் சேர்த்துச் செய்த பாதிப்பேருக்கு 12 வாரத்தில் தசையே கூடியிருந்தது. ஹார்மோன் இல்லாமல் தசை ஏறாது என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பின் மருத்துவ வழிகாட்டியும் ஹார்மோன் சிகிச்சை பெறுவோருக்கு, சோர்வைக் குறைக்க, வாரம் இரண்டு முறையாவது 12 வாரம் மேற்பார்வையில் எடைப் பயிற்சியும் மூச்சு வாங்க வைக்கும் நடை போன்ற பயிற்சியும் கொடுக்கச் சொல்கிறது.

வீட்டிலேயே செய்ய ஆறு போதும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்தல். சுவரில் கை ஊன்றித் தண்டால். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பின்னால் இழுத்தல். ஒற்றைப் படியில் ஏறி இறங்குதல், படி 15 முதல் 20 செ.மீ. உயரம். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல். இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு இருபதடி நடத்தல். ஐந்து லிட்டர் தண்ணீர் ஐந்து கிலோ, தொடக்கத்தில் மூன்று லிட்டர் போதும். வாளியைத் தவிர மற்ற ஐந்தும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று, நடுவில் ஒன்று இரண்டு நிமிட ஓய்வு. மொத்தம் 40 நிமிடம். வாரம் இரண்டு நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி.

எவ்வளவு கடினம்? ஒரு சுற்றை முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று தடவைதான் முடியும் என்று தோன்ற வேண்டும். அடுத்தடுத்த இரண்டு நாளும் 12 எளிதாக வந்துவிட்டால் சுமையைக் கூட்டுங்கள்: முதுகுப்பையில் இரண்டு கிலோ அரிசி, வாளியில் அரை லிட்டர் கூடுதல். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். ஒரு கிலோ டம்ப்பெல் வாங்கி ஆறு மாதமும் அதையே ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அது கைக்கு விசிறி வீசுவதுபோல. தசைக்குச் செய்தியே போய்ச் சேராது.

இரண்டாவது தவறு, மூச்சை அடக்கித் தூக்குவது. ரத்த அழுத்தம் எகிறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள். இன்னொன்று, மறுநாள் தொடை வலிப்பதை நோய் பரவிவிட்டதோ என்று பயந்து நிறுத்துவது. பயிற்சி வலி இரு பக்கமும் இருக்கும், தொட்டால் வலிக்கும், மூன்று நாளில் போகும். ஓரிடத்தில் மட்டும் குத்தி, படுத்தாலும் இரவிலும் விடாத வலி வேறு. அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்தப் புற்றுக்கான அபிராடெரோன் மாத்திரையோடு பிரெட்னிசொலோன் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரையும் அழுத்தமும் ஏறலாம், பொட்டாசியம் இறங்கலாம். பயிற்சியைக் கூட்டுமுன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலினோ சர்க்கரை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர், நடந்தால் நெஞ்சு இறுகுபவர் இதய டாக்டரின் சம்மதம் இல்லாமல் தொடங்கக்கூடாது.

ஜிம்முக்குப் போகலாமா? போகலாம், ஆனால் பயிற்சியாளரிடம் நோயைச் சொல்லிவிட்டுத்தான். சொல்லாவிட்டால் முதல் வாரமே ஒரு டப்பாவைக் கையில் கொடுப்பார்கள். ‘டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்’ என்று எழுதியிருக்கும் எதையும், ‘ஆண்மை’ லேகியம் எதையும் தொடாதீர்கள். எந்த ஹார்மோனை இறக்க ஊசி போடுகிறீர்களோ அதையே ஏற்றப் பார்க்கும் சரக்கு அது. எங்கள் கணக்கில் சிறந்த ஏற்பாடு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நான்கைந்து முறை கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வது, மாதம் ஒரு முறை அவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது. நடமாட முடியாதவர் வீட்டுக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சேவையும் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

எலும்பில் பரவியிருந்தால்

“எலும்புல இருக்கு, அசையாம இருங்க” என்பது பழைய அறிவுரை. எடித் கோவன் குழுவினர், பரவிய இடத்துக்குச் சுமை போகாமல் மற்ற இடங்களைப் பயிற்றும் முறையில் இத்தகைய நோயாளிகளுக்கும் பயிற்சி தந்து காட்டியிருக்கிறார்கள். இடுப்பெலும்பில் இருந்தால் படியேறுவதும் வாளியும் வேண்டாம், கைப் பயிற்சியும் உட்கார்ந்து முழங்கால் நீட்டுவதும் செய்யலாம். முதுகெலும்பில் இருந்தால் குனிந்து தூக்குவதும் திருகுவதும் கூடாது. ஸ்கேன் அறிக்கையை பிசியோதெரபிஸ்ட் படிக்காமல் இந்த நிலையில் யாரும் தாமாகத் தொடங்கக்கூடாது. முதுகில் புது வலியோடு கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலோ, தண்டுவடம் நசுங்குவதற்கான அறிகுறி. அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆட்டம்

டென்மார்க்கில் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த ஆண்களைக் கால்பந்து ஆட வைத்தார்கள். வாரம் இரண்டு மூன்று முறை, 45 முதல் 60 நிமிடம். பேர், ‘எஃப்.சி. புராஸ்டேட்’. முதல் ஆய்வில் 12 வாரத்தில் தசை கூடியது. பிறகு 214 பேரை ஊர்க் கால்பந்துக் கிளப்புகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தொடக்க மாதங்களில் வாழ்க்கைத் தர அளவுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஓராண்டு முடிவில் மனநலமும் இடுப்பெலும்பின் அடர்த்தியும் ஆடியவர்களுக்கு மேலாக இருந்தன. எலும்பு முறிவும் தசைக் காயமும் சிலருக்கு நேர்ந்தன என்பதையும் மறைக்கவில்லை.

இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அறுபது வயதில் பந்தை முதல்முறை உதைப்பவருக்கு கணுக்கால் பத்திரமல்ல. ஆனால் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பந்து அல்ல. “மனசு விட்டுப் பேசுங்க” என்று வட்டமாக உட்கார வைத்தால் வாய் திறக்காத ஆண், பந்தை எடுக்கப் போகும்போது பக்கத்திலிருப்பவரிடம் “உனக்கும் ராத்திரி வேர்க்குதா?” என்று கேட்டுவிடுவார். ஏற்கெனவே ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தவர் எலும்பு அடர்த்தி பார்த்துவிட்டு இரட்டையர் ஆட்டமாகத் தொடரலாம். விட்டுவிட்டால் ஆட்டத்தோடு நண்பர்களும் போவார்கள்.

ஆசனம்

கதிர்வீச்சுக் காலத்தில் யோகா செய்தவர்களுக்குச் சோர்வு குறைவாக இருந்ததைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2017இல் காட்டியது. வாரம் இரண்டு முறை, 75 நிமிடம். ஹார்மோன் சிகிச்சையில் தசை இழப்புக்கு இது ஈடாகாது. தூக்கத்துக்கும், கொதிப்பு வரும்போது பதறாமல் மூச்சைச் சீராக்கவும் நல்லது. எலும்பு மெலிந்தவருக்கும் எலும்பில் பரவியவருக்கும் சிரசாசனம், ஹலாசனம், ஆழ்ந்த முன்வளைவு, முதுகைத் திருகும் ஆசனங்கள் கூடாது. ஆசிரியரிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள்.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சி இந்தப் போட்டியிலேயே சேராது. அது புராஸ்டேட்டை நீக்கும் அறுவைக்குப் பின் வரும் சிறுநீர்க் கசிவுக்கானது. மேலே எதைத் தேர்ந்தாலும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் உள்ளே இறுக்கித் தூக்கி, முடிந்த விநாடிகள் பிடித்து, பிறகு அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். வயிறும் பிட்டமும் இறுகினால் தவறாகச் செய்கிறீர்கள். அறுவைக்கு முன்பே பழகுவது நல்லது. சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் செய்யக்கூடாது.

மனசுக்கு யார்?

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. முன்பு சொன்ன 2019 வல்லுநர் குழு, எடைப் பயிற்சி மட்டும் செய்தால் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதற்குப் போதிய சான்று இல்லை என்றது. நடையோ, நடையும் எடையும் சேர்ந்தோ இருந்தால்தான் பலன். உடம்புக்கு எடையைப் பிடித்தவர் மனசுக்காக நடையையும் விடக்கூடாது. அந்த நடைக்குத் துணை ஒருவர் இருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதவருக்கு அதுவே பாதி ஏற்பாடு.

ஆனால் எந்தத் துணையும் வேலை செய்யாத ஒரு நிலை நம் வீடுகளில் சகஜம். மகன் முன்னால் வந்து “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க டாக்டர்” என்பார். அன்பில்தான் சொல்கிறார். விளைவு: தன் தொடை ஏன் மெலிகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது, வயசாகிவிட்டது என்று படுத்துவிடுவார், அழுகை ஏன் வருகிறது என்று புரியாமல் தன்னையே வெறுப்பார். தெரியாத நோய்க்கு ஆலோசகரிடம் அழைத்துப் போகவும் முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?” என்று அவரையே கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

மனைவியிடம் பேசுவதை மற்ற எதற்கும் முன்னால் வைக்கிறோம். ஊசி ஆசையையே அணைத்துவிடும். விஷயம் தெரியாத மனைவி, தன்னை ஒதுக்குகிறார் என்று நினைப்பார். கணவர், தொட்டால் எதிர்பார்ப்பு வருமோ என்று தொடுவதையே நிறுத்துவார். ஒரு தடவை இருவரும் சேர்ந்து டாக்டர் முன் உட்கார்ந்து “இது மருந்தின் வேலை” என்று கேட்டால் பாதிப் பாரம் இறங்கும். சில்டெனாஃபில் விறைப்புக்கு உதவலாம், ஆசையைத் தராது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. ஆனால் எல்லாவற்றையும் மனைவி மேலேயே ஏற்றுவதும் தவறு. அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்.

சக நோயாளிகளிடம் கிடைப்பது வேறு. பேடு எந்த அளவு வாங்குவது, கொதிப்பு எத்தனை மாதம் கழித்துப் பழகும், இவற்றை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். அமெரிக்காவில் 1990இல் ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் தொடங்கிய ‘மேன் டு மேன்’ குழுவின் வழி நல்ல வழி: முதலில் ஒரு டாக்டரின் பேச்சு, பிறகு கேள்வி. ஆண்கள் தகவலுக்காக வருவார்கள், பேச்சுக்காகத் தங்குவார்கள். 2003இல் வெளியான, 250 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், இத்தகைய கூட்டங்களால் அதிகப் பலன் பெற்றவர்கள் படிப்புக் குறைந்தவர்களே. படித்தவர்களுக்குத்தான் குழு என்ற நம் நினைப்புக்கு இது நேர் எதிர்.

மார்பகப் புற்றுக்கு இருக்கும் அளவுக்கு இங்கே புராஸ்டேட்டுக்குக் குழுக்கள் இல்லை. ஊசி நாளில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களே குழு. நர்ஸிடம் சொல்லி, சம்மதித்த இருவர் மூவர் எண்களை மாற்றிக்கொண்டால் போதும். வாட்ஸாப் குழுவானால் இரண்டு விதி வேண்டும்: பி.எஸ்.ஏ. எண்ணை (நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) போட்டு ஒப்பிடக்கூடாது, மருந்துச் செய்திகளை ஃபார்வர்டு செய்யக்கூடாது. ஒருவருக்கு 0.2 என்பது நிம்மதி, அறுவை முடிந்த இன்னொருவருக்கு அதுவே கவலை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேருக்கும் தூக்கம் போகும்.

நண்பரும் மனைவியும் போதாத கட்டம் எப்போது? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடந்தாலோ, பிடித்த எதிலும் நாட்டம் போனாலோ, ஆலோசகர் அல்லது மனநல மருத்துவர் வேண்டும். அதற்கு முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். ரத்தச் சோகையும் இதே முகத்தைக் காட்டும். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் உளவியல் சார்ந்த தனித் துறையே உண்டு, பெரிய மருத்துவமனைகளில் “சைக்கோ-ஆன்காலஜி இருக்கா?” என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மாத்திரை என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். மனச்சோர்வுக்குத் தரும் வென்லாஃபாக்சின் உடல் கொதிப்பையும் தணிக்கும் என்று சொன்னால் அதே மனிதர் வாங்கிக்கொள்வார். புராஸ்டேட் புற்றுக்கான என்சாலுடமைடு எடுப்பவர் மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; அதற்கு வலிப்பு வரவைக்கும் இயல்பு உண்டு, சில மனநல மருந்துகள் சேரக்கூடாது.

நோய் தெரிந்த முதல் மாதங்களில் தற்கொலை எண்ணம் வரும் அபாயம் கூடுதல். அந்த எண்ணம் தலைகாட்டினால் துணைக்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணை இரவு இரண்டு மணிக்கும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், காசு இல்லை.

யாருக்கு எது

எலும்பில் பரவல் இல்லை, நடமாட்டம் நன்றாக இருக்கிறது: வாரம் இரண்டு நாள் எடை, மூன்று நாள் துணையோடு நடை. வேறு ஒன்றும் யோசிக்க வேண்டாம். வெயில் காலத்தில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். வெயிலும் கொதிப்பும் சேர்ந்தால் பாதி வழியில் திரும்பி வருவீர்கள்.

கதிர்வீச்சு நடக்கிறது, உடம்பு ஓய்ந்துவிட்டது: எடையை ஒரே சுற்றாகக் குறைத்து நிறுத்தாமல் வைத்திருங்கள். நடையைப் பத்துப் பத்து நிமிடமாக மூன்றாகப் பிரியுங்கள். யோகா ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் இந்த ஆறேழு வாரம் அதற்கு ஏற்ற காலம்.

எலும்பில் இருக்கிறது: முதல் செலவு பிசியோதெரபிஸ்டுக்கு, டம்ப்பெல்லுக்கு அல்ல.

தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டில்: வீட்டுப் பயிற்சியைவிடப் போய்வர ஓர் இடம் தேவை, பூங்காவோ பிசியோதெரபி மையமோ. செய்யும் பயிற்சி கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, வராவிட்டால் “ஏன் வரலை?” என்று கேட்க ஒருவர் இருக்கிற இடமாக இருக்கட்டும்.

எந்த ஏற்பாடும் உடைவது பெரும்பாலும் பி.எஸ்.ஏ. வாரத்தில். ரத்தம் கொடுத்த நாளிலிருந்து முடிவு வரும்வரை கால் ஓடாது, பயிற்சி நிற்கும், நல்ல முடிவு வந்தாலும் மறுபடி தொடங்க மூன்று வாரம் ஆகும். அதனால் ரத்தம் கொடுக்கும் தேதியைக் காலண்டரில் குறிக்கும்போதே, அந்த வார நடைக்குக் கூட வருபவரின் பெயரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.